பதிவு 43, வருகை 42

கரும்பலகையின் வலது மூலையில்
தினமும் நான்தான் எழுதுகிறேன்.
பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு.
பதிவு 43.
வருகைக்கு எதிரே மட்டும்
கொஞ்ச நேரம் காலியாக விடுவேன்.
சாக்கோட்டை பஸ்ஸை நம்பி
எண்ணை எழுத முடியாது.

இன்று பஸ் வந்துவிட்டது.
ரிப்பனை வாயில் கடித்தபடி சிகப்பி ஓடிவந்தாள்.
ஜமீலத் நோட்டுக்கு அட்டை போடவில்லை,
டீச்சர் பார்க்கும் முன்பே அழ ஆரம்பித்தாள்.
பூமயில் வழக்கம்போல்
நாற்பத்திரண்டாவது ஆளாய் வாசலில் நின்று
"உள்ளே வரலாமா டீச்சர்" என்றாள்,
பாதி உள்ளே வந்தபிறகு.

வராதது பதினேழாம் எண்.
கொப்பாத்தாள்.
"லீடர், அவ ஏன் வரல?"
எனக்கு எப்படித் தெரியும்.

தெரியும்.
மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.
கீழே செம்புறாங்கல் சுவர்,
அதற்கு அந்தப் பக்கம் ஆலைக் களம்.
அவித்த நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து
நடந்துகொண்டிருக்கிறாள்,
யூனிபார்ம் சுடிதாருக்கு மேல்
அம்மாவின் முழுக்கைச் சட்டை.
வெள்ளிக்கிழமை அம்மா கையில்
வெந்நீர் கொட்டிவிட்டதாம்.

முதல் வேளை கணக்கு. தேல்ஸ் தேற்றம்.
முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக
தேனம்மை டீச்சர் அடிக்கோல் வைத்துப் போட்ட கோடு
கொஞ்சம் கோணல்.
கீழே அவள் காலால் போட்டவை
களத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை
நேர்.

மூன்றாம் வேளையில் மூன்று பேருக்கு வயிற்றுவலி.
ஒருத்திக்கு உண்மையாகவே.

மதியம் முட்டை.
முத்துராக்கு மஞ்சள் கருவைத் தின்னமாட்டாள்,
கொப்பாத்தாளிடம் கொடுத்து வெள்ளையை வாங்கிக்கொள்வாள்.
இன்று மஞ்சளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.
பிறகு காக்காய்க்குப் போட்டாள்.

ஆறாம் வேளை பி.டி.
இந்த வருடம் எங்கள் கைக்கு வந்த இரண்டாவது பி.டி.
மற்றதெல்லாம் அறிவியல் டீச்சர்
கடன் வாங்கித் திருப்பித் தராதவை.
த்ரோபாலில் பாதிக் காற்றுதான் இருந்தது.
அது வலையைத் தாண்டுவதற்குள்
வானம் இருட்டிக்கொண்டு வந்தது,
ஆலைக்குள் யாரோ கத்தினார்கள்:
"நெல்லு! நெல்லு நனையுது!"

முதல்ல சுவர் ஏறுனது யாரு
என்று பிற்பாடு கேட்டாக.
சிகப்பிதான்.
வீட்டில் துடைப்பத்தைத் தொடாதவள்,
வேப்பமரத்தடியில் கல் பெயர்ந்த இடத்தில் கால்வைத்து
இரண்டு சடையும் எழும்ப
அந்தப் பக்கம் குதித்தாள்.
பின்னால் ஜமீலத். முத்துராக்கு.
பூமயில்கூட, வாழ்க்கையில் முதல் தடவையாய்
நேரத்துக்கு.
பன்னிரண்டு பேர்.
தள்ளுபலகை கிடைத்தவள் தள்ளினாள்,
கிடைக்காதவள் கையால் வாரினாள்.
குவித்து, தார்ப்பாய் இழுத்து,
காற்று தூக்காமலிருக்க அதன் ஓரங்களில்
உட்கார்ந்துகொண்டு
மழையில் எதற்கோ சிரித்தார்கள்.

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
என் கையில் பி.டி. டீச்சரின் விசில் இருந்தது.
அதை ஊதவும் இல்லை.

பெரிய டீச்சர் வந்தாக.
"குதிச்சவக பேரை எழுது."
ஈரக் கையில் சாக்பீஸ் கரைந்தது,
பன்னிரண்டு பேரையும் எழுதினேன்,
சிகப்பியின் பெயரில் ஒற்று விட்டுப்போச்சு.
வரிசையாய் நின்றவர்களின் சாக்ஸிலிருந்து
நெல் உதிர்ந்துகொண்டிருந்தது.
பெரிய டீச்சர் தரையைப் பார்த்தாக,
பலகையைப் பார்த்தாக.
"ஒற்றைப் போடு" என்று என்னிடம் சொன்னாக.
"தலையைத் துவட்டுங்க" என்று அவர்களிடம்.
போய்விட்டாக.

நாலரை.
சைக்கிள் ஸ்டாண்டில் கொப்பாத்தாள்,
சட்டை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
காலையிலிருந்து அவளைக் கேட்பதற்கென்று
நான் வைத்திருந்தது ஒரே கேள்வி.
என் கணக்கு நோட்டை வாங்கி
பாலிதீன் பைக்குள் சுற்றி
கேரியரில் செருகிக்கொண்டே
அவள் கேட்டுவிட்டாள்:

"நீ ஏன்டி வரல?"